வெளிநாட்டில் இருந்துகொண்டு சிங்கப்பூரில் கம்பெனி: அடையாளச் சரிபார்ப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் இருக்கும் செக்ரட்டரி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பதிவது, கணக்குத் தாக்கல் செய்வது இதெல்லாம் எங்கள் தொழில். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் துபாயிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆட்கள் கூப்பிடுகிறார்கள். ஊர்தான் மாறுகிறது, சந்தேகம் அதேதான். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் 2025 ஜூன் 9-ல் எங்களைப் போன்ற ஆபீஸ்களுக்கான புதிய சட்டம் அமலுக்கு வந்த பிறகு இருக்கும் நடைமுறையைச் சொல்பவை.

நான் சிங்கப்பூர்லயே இல்லை. என் பேர்ல அங்க ஒரு கம்பெனி ஆரம்பிக்க முடியுமா?

முடியும். 18 வயது ஆகியிருக்க வேண்டும், திவாலானவராக இருக்கக் கூடாது. பங்குகள் 100 சதவீதமும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம், உள்ளூர்ப் பங்காளி வேண்டியதில்லை. மூலதனம் 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தாலே சட்டத்துக்குப் போதும்.

ஆனால் மூன்று விஷயங்கள் சிங்கப்பூரில் இருந்தாக வேண்டும். இங்கே வசிக்கும் டைரக்டர் ஒருவராவது வேண்டும். தபால் பெட்டி எண்ணாக இல்லாத ஒரு பதிவு முகவரி வேண்டும். பதிந்த ஆறு மாதத்துக்குள் இங்கே வசிக்கும் கம்பெனிச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரே ஒரு டைரக்டர்தான் என்றால் அவரே செயலாளராகவும் இருக்க முடியாது.

வெப்சைட்ல பார்த்தேன், பேருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. நானே பதிஞ்சுக்கறேன், நீங்க எதுக்கு?

கட்டணம் நீங்கள் பார்த்ததுதான். கம்பெனிகளைப் பதியும் அரசு அமைப்பின் முழுப்பெயர் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையம். அப்படி யாரும் சொல்வதில்லை, அக்ரா என்றுதான் சொல்வோம். அதன் இணையவாசல் பிஸ்ஃபைல். நீங்களே கம்பெனி பதிய அங்கே சிங்பாஸ் கொண்டு நுழைய வேண்டும். சிங்பாஸ் என்பது குடிமக்கள், நிரந்தரவாசிகள், இங்கே நீண்டகால அனுமதியில் இருப்பவர்கள் ஆகியோருக்கான அரசாங்க மின் அடையாளம். உங்களிடம் அது இல்லை.

அதனால் எங்களைப் போல அக்ராவிடம் பதிவுபெற்ற ஒரு நிறுவனச் சேவையாளர் உங்களுக்காகத் தாக்கல் செய்ய வேண்டும். சிங்பாஸ் இருக்கும் ஆளை அரசாங்கத்துக்கு ஏற்கெனவே தெரியும். உங்களைத் தெரியாது. உங்களைத் தெரிந்துகொள்ளும் வேலையைச் சட்டம் எங்கள் தலையில் வைத்திருக்கிறது. சேவையாளர் பதிவுபெற்றவரா என்று பிஸ்ஃபைலில் தேடிப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

பத்து வருஷம் முன்னாடி என் ஃப்ரெண்டு பாஸ்போர்ட் காப்பி மட்டும் அனுப்பி கம்பெனி பதிஞ்சான். இப்ப ஏன் இவ்வளவு நோண்டறீங்க?

அப்போதும் விதி இருந்தது, சில இடங்களில் கடனுக்குச் செய்தார்கள் என்பதுதான் உண்மை. 2023 ஆகஸ்ட்டில் இங்கே பத்து வெளிநாட்டவர் கைதான பணமோசடி வழக்கு ஞாபகம் இருக்கும். பறிமுதலும் முடக்கமும் சேர்த்துச் சொத்து மதிப்பு 300 கோடி வெள்ளியைத் தாண்டியது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் பிடி இறுகியது.

2024-ல் நிறுவனச் சேவையாளர்களுக்கென்றே தனிச் சட்டம் நிறைவேறி, 2025 ஜூன் 9-ல் அமலுக்கு வந்தது. பணமோசடித் தடுப்பு விதிகளை மீறினால் எங்களுக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதம். நீங்கள் கட்டும் சில நூறு வெள்ளிக்காக எந்த ஆபீஸும் அந்த ஆபத்தை எடுக்காது. எதுவும் கேட்காமல் நாளைக்கே முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள்.

சரி, என்னென்ன பேப்பர் வேணும்? ஒரே தடவையா சொல்லிடுங்க.

டைரக்டர், பங்குதாரர், அவர்களுக்குப் பின்னால் உண்மையான உரிமையாளர் யாராவது இருந்தால் அவர், இப்படி ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கம், வீட்டு முகவரிச் சான்று. இவை அடிப்படை. அப்புறம் கம்பெனி என்ன செய்யப்போகிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பத்தி. பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆதாரம். டைரக்டராக இருக்கச் சம்மதம் தெரிவிக்கும் படிவத்தை நாங்களே அனுப்புவோம், எல்லாரும் படிவம் 45 என்பார்கள்.

பாஸ்போர்ட்டை நாலு மூலையும் தெரியும்படி, வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், கோப்பாக அனுப்புங்கள். கட்டைவிரல் பாஸ்போர்ட் எண்ணை மறைத்தபடி வந்த படங்களை மட்டும் சேர்த்து ஒரு ஆல்பமே போடலாம்.

ஆதார் கார்டு, பான் கார்டு, வோட்டர் ஐடி எல்லாம் இருக்கு. பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சு. இதை வெச்சுப் பண்ண முடியாதா?

புதுப்பித்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டவரை அக்ராவில் பாஸ்போர்ட் விவரத்தை வைத்துத்தான் பதிகிறோம். பிறகு வங்கியும் அதைத்தான் கேட்கும். ஆதார் துணை ஆவணமாக உதவும். அனுப்புவதென்றால் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட பிரதியை அனுப்புங்கள், முழு எண் எங்களுக்குத் தேவையில்லை.

பாஸ்போர்ட்ல ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேரு, சர்ட்டிஃபிகேட்ல ஒரு பேரு. எல்லாம் நான்தாங்க! என்ன பண்றது?

தமிழர்களுக்கென்றே விதிக்கப்பட்ட தொல்லை இது. வேலை தாமதமாவதற்கு எங்கள் ஆபீஸில் முதல் காரணமும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும். வங்கிப் புத்தகத்தில் 'கே. செந்தில்குமார்'. பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்லியிருப்பார்கள், அங்கே அவர் 'செந்தில்குமார் கருப்பையா'. கல்லூரிச் சான்றிதழில் 'செந்தில் குமார் கே' என்று நடுவே இடைவெளி. மின்ரசீதில் 'கருப்பையா செந்தில்'. ஆங்கில எழுத்தில் இன்னும் கூத்து: 'முத்து'வுக்கு ஒரு இடத்தில் ஹெச் இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது. 'ழ' வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திருமணமான பெண்களுக்கு அப்பாவின் இனிஷியல் பாதி ஆவணத்தில், கணவரின் இனிஷியல் மீதியில். மலேசியத் தமிழர்களுக்கு நடுவில் 'ஏ/எல்', உள்ளூர்க்காரர்களுக்கு 'எஸ்/ஓ', இரண்டுக்கும் 'இன்னார் மகன்' என்று பொருள். சீன, ஆங்கிலப் பெயர்களையே பார்த்துப் பழகிய ஒரு வங்கி அதிகாரிக்கு அந்த ஒரே செந்தில்குமார் நாலு பேர்.

பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான், உங்கள் பெயர் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அதில் தெரியும். எல்லாப் படிவத்திலும் அந்த எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள். முகவரிச் சான்றில் வித்தியாசம் இருந்தால், முதலில் வங்கியில் சொல்லிப் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றி ஸ்டேட்மென்ட் வாங்கப் பாருங்கள். நீண்டகாலத்துக்கு நல்லது அதுதான். அவசரம் என்றால், 'இந்தப் பெயர்களில் குறிப்பிடப்படுபவர் ஒருவரே' என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி அனுப்புங்கள். எந்தெந்தப் பெயர் எந்தெந்த ஆவணத்தில் இருக்கிறது என்று பத்திரத்தில் ஒன்றுவிடாமல் வர வேண்டும். பொதுவாக 'எனக்குப் பல பெயர்கள் உண்டு' என்று எழுதி வந்த பத்திரம் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கரண்ட் பில் எங்க தாத்தா பேர்ல இருக்கு. அவர் காலமாயி பதினஞ்சு வருஷம் ஆச்சு. முகவரிக்கு வேற என்ன கொடுக்கலாம்?

உங்கள் பெயரில் வரும் வங்கி ஸ்டேட்மென்ட் அல்லது கடன் அட்டை ரசீது சுலபம். தொலைபேசி, இணைய ரசீதும் ஆகும். மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம், பெரும்பாலான இடங்களிலும் அப்படித்தான். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் முகவரி இருக்கிறதே என்பார்கள். ஆள் யார் என்பதற்கு ஒரு ஆவணம், எங்கே இருக்கிறார் என்பதற்கு வேறொரு ஆவணம் என்று வைத்திருப்பதால் அதை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒரு ஆவணத்தில் 12, இன்னொன்றில் 27 என்று வந்தால் வீடு மாறிவிட்டீர்களா என்று வங்கியிலிருந்து கேள்வி வரும். ஆவணம் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. எனக்குத் தமிழ் தெரியும் என்பது கோப்பைப் புரட்டிப் பார்க்கும் தணிக்கையாளருக்கு உதவாது.

நோட்டரி, அப்போஸ்டில்னு ஏதேதோ சொல்றாங்க. எது யாருக்கு?

சான்றொப்பம் என்பது 'மூல ஆவணத்தைப் பார்த்தேன், இது அதன் உண்மை நகல்' என்று ஒரு வக்கீலோ நோட்டரியோ கையெழுத்திட்டு முத்திரை வைப்பது. அவர் பெயர், பதவி, தேதி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். கோர்ட் வாசல் நோட்டரிகள் சிலர் முத்திரையைச் சரியாக முகத்தின் மேலேயே குத்திவிடுவார்கள், ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்.

அப்போஸ்டில் அடுத்த படி. அந்த நோட்டரியின் கையெழுத்து உண்மையானதுதான் என்று அவருடைய நாட்டு அரசாங்கம் சொல்லும் சான்று. இந்தியா இதற்கான ஹேக் உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது, சிங்கப்பூரில் அது 2021 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. தனிநபர் பாஸ்போர்ட் நகலுக்கு நாங்கள் அப்போஸ்டில் கேட்பது அபூர்வம். ஒரு வெளிநாட்டு நிறுவனம் பங்குதாரராக வந்தால் அதன் பதிவு ஆவணங்களுக்குக் கேட்க நேரும்.

வீடியோ கால் எதுக்கு? பேப்பர் எல்லாம்தான் அனுப்பிட்டேனே.

பாஸ்போர்ட் உண்மையானது என்று காகிதம் சொல்லும். அதை அனுப்பியவர் அந்தப் படத்தில் இருப்பவர்தான் என்று சொல்லாது. நேரில் வராத வாடிக்கையாளரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பது விதி. எங்கள் ஆபீஸில் அதை நேரலைக் காணொளி அழைப்பாகச் செய்கிறோம், பதிவும் செய்துகொள்கிறோம்.

பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வோம். டியூப்லைட்டுக்கு நேர்கீழே உட்கார்ந்தால் பளபளப்புப் பக்கத்தில் வெள்ளைக் கோடுதான் தெரியும், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். மெல்லச் சாய்க்கச் சொல்வோம், பாதுகாப்புப் படம் மின்னுகிறதா என்று பார்ப்பதற்கு. பிறகு சாதாரணமாகப் பேசுவோம்: என்ன தொழில், யாருக்கு விற்கப்போகிறீர்கள், ஏன் சிங்கப்பூர்.

ஒரு தடவை காரைக்குடியிலிருந்து ஒரு இளைஞர் பேசினார், இருபத்திரண்டு வயது இருக்கும். பாஸ்போர்ட், முகம் எல்லாம் சரி. என்ன தொழில் என்றேன். பையன் வாயைத் திறப்பதற்குள், "பருத்தி நூல் ஏற்றுமதின்னு சொல்லு" என்று திரைக்கு வெளியே இருந்து ஒரு கனத்த குரல். அடுத்த கேள்விக்கும் அதே குரல். மூன்றாவது கேள்விக்கு, "ஐயா, நீங்களே கேமரா முன்னால் வந்துவிடுங்களேன்" என்று சொல்லிவிட்டேன். மாமா வந்தார். அன்றைக்குக் கோப்பில் இன்னொரு பெயர் சேர்ந்தது.

உள்ளூர் டைரக்டர் வேணும்னா, என் மச்சான் அங்கதான் பெர்மிட்ல வேலை பாக்குறான். அவனைப் போட்டுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். வொர்க் பெர்மிட் நிபந்தனைப்படி அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கவோ எந்தத் தொழிலிலும் பங்கெடுக்கவோ கூடாது. உங்கள் கம்பெனிக்காக அவர் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.

குடிமகன், நிரந்தரவாசி ஆகலாம். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (உயர்நிலை வேலைகளுக்கான அனுமதி) இருப்பவரும் ஆகலாம், ஆனால் தன்னை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனியைத் தவிர வேறொன்றில் டைரக்டராக மனிதவள அமைச்சின் சம்மதக் கடிதம் வேண்டும். டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் மனைவியைப் போடலாமா என்று அடுத்து கேட்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து அவர் வேலை பார்க்கவே தனி அனுமதி தேவை. சொந்தத் தொழிலுக்கான சம்மதக் கடிதத்துக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு அவர் பெயரில் இருக்க வேண்டும், உள்ளூர்க்காரர் ஒருவரை வேலைக்கு வைத்து மத்திய சேமநிதி கட்டியிருக்க வேண்டும். பேருக்கு ஒரு டைரக்டராக இருக்க அது வழி கிடையாது.

அப்ப நாமினி டைரக்டர் வாங்கிக்கறேன். அவர் சும்மா பேருக்குத்தானே?

நாமினி என்றால் இன்னொருவர் சார்பில் அந்த இடத்தில் பெயர் கொடுத்திருப்பவர். ஆனால் சட்டத்தின் கண்ணில் பேருக்கு டைரக்டர் என்று ஒருவர் கிடையாது. கம்பெனி தவறு செய்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும். அதனால் அவரும் உங்களைப் பற்றிக் கேட்பார், வைப்புத்தொகையும் கேட்பார். அதில் தப்பே இல்லை.

2025 ஜூன் 9 முதல், பதிவுபெற்ற சேவையாளர் ஏற்பாடு செய்தால் மட்டுமே ஒருவர் இதைத் தொழிலாகச் செய்யலாம். அவர் தகுதியானவர்தானா என்று சேவையாளர் பார்த்துத் திருப்தியடைந்திருக்க வேண்டும். அவர் நாமினி என்பதை அக்ராவிடம் தெரிவிக்க வேண்டும், அது பொதுமக்களுக்கும் தெரியும். அவரை நியமித்த நீங்கள் யார் என்ற விவரம் அரசு அமைப்புகளுக்கு மட்டும் தெரியும்.

ஷேரை என் பேர்ல வைக்க வேண்டாம்னு பாக்குறேன். தம்பி பேர்ல போட்டுட்டு பின்னாடி நான் பாத்துக்கறேன். தப்பா?

மறைத்தால் தப்பு, சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. காரைக்குடி மாமா கதை இதுதான். தம்பி உங்களுக்காகப் பங்கு வைத்திருந்தால் அவர் நாமினிப் பங்குதாரர், உண்மையான உரிமையாளர் நீங்கள். இருவரின் ஆவணங்களும் வேண்டும். நாமினி டைரக்டரைப் போலவே இதையும் பதிந்து அக்ராவிடம் தெரிவிக்க வேண்டும்.

இதோடு கட்டுப்பாட்டாளர் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. பங்கிலோ வாக்குரிமையிலோ 25 சதவீதத்துக்கு மேல் யார் கையில் இருக்கிறது, கம்பெனியை யார் ஆட்டுவிக்கிறார்கள் என்ற விவரம் அதில் இருக்கும்: பெயர், முகவரி, குடியுரிமை, பிறந்த தேதி, அடையாள எண், எந்தத் தேதியிலிருந்து என்பது வரை. 2017 முதல் கம்பெனிகள் இதை வைத்திருக்கின்றன, 2020 ஜூலை 30 முதல் அக்ராவிடமும் தாக்கல் செய்கின்றன. பொதுமக்கள் பார்க்க முடியாது. சரியாக வைக்காவிட்டால் அபராதம் 25,000 வெள்ளி வரை போகும்.

ஆளுக்கு 20 சதவீதம்னு அஞ்சு பேருக்குப் பிரிச்சுட்டா அந்தப் பதிவேட்டுல யார் பேருமே வராதுல்ல?

இதைக் கேட்டவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. உண்மையிலேயே ஐந்து நண்பர்கள் சமமாகப் பணம் போட்டிருந்தால், பங்கு அளவை வைத்துப் பார்க்கும்போது யாரும் வரமாட்டார்கள்தான். ஆனால் நாலு பேர் ஒருவருக்காக வைத்திருந்தால் அந்தப் பங்கெல்லாம் அந்த ஒருவர் கணக்கில் சேரும். பங்கே இல்லாவிட்டாலும் டைரக்டர்களில் பெரும்பான்மையை நியமிக்கும் உரிமை கையில் இருந்தால் அவரும் கட்டுப்பாட்டாளரே.

அப்படியும் யாருமே இல்லையென்றால்? நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் டைரக்டர்களையும் தலைமை நிர்வாகியையும் அந்த இடத்தில் எழுத வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து இப்படி. பதிவேடு காலியாக இருக்காது.

கோயம்புத்தூர்ல எங்க பிரைவேட் லிமிடெட் இருக்கு. அதுவே நேரா பங்குதாரரா வரலாமா?

வரலாம். பதிவுச் சான்றிதழ், டைரக்டர்கள் பட்டியல், பங்குதாரர்கள் பட்டியல், சிங்கப்பூரில் முதலீடு செய்ய இயக்குநர் குழு போட்ட தீர்மானம், யார் கையெழுத்திடுவார் என்ற அதிகாரம் எல்லாம் வேண்டும். பிறகு அந்தப் பங்குதாரர்களுக்குப் பின்னால் யார், அவர்களுக்குப் பின்னால் யார் என்று ரத்தமும் சதையுமான ஒரு மனிதர் வரும்வரை போவோம். அவரிடம் முன்னே சொன்ன பாஸ்போர்ட், முகவரிச் சான்று. அமைப்பை ஒரு தாளில் கட்டம் போட்டு, கோடு இழுத்து, சதவீதம் எழுதி அனுப்பினால் பாதி கேள்வி குறையும். கையால் வரைந்தாலும் பரவாயில்லை.

இந்தியப் பக்கத்து வேலையை மறக்காதீர்கள். 2022 ஆகஸ்ட்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பணம் அனுப்பும் முன் உங்கள் வங்கி வழியாக எஃப்சி படிவம் கொடுத்து அடையாள எண் வாங்க வேண்டும். அதை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், எங்களால் முடியாது.

பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு உங்களுக்கு எதுக்குங்க? இன்கம்டாக்ஸ்காரன் மாதிரி கேக்குறீங்க.

கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு கேள்விகள் உண்டு. இந்தக் கம்பெனியில் போடும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. மொத்தமாக உங்கள் சொத்து எப்படிச் சேர்ந்தது என்பது இன்னொன்று, ஆபத்து கூடுதலாகத் தெரியும் இடத்தில் மட்டும் அதைக் கேட்போம்.

சம்பளச் சேமிப்பு என்றால் ஆறு மாத வங்கிக் கணக்கு. நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரம், பணம் கணக்கில் வந்த பதிவு. சீட்டு எடுத்த பணம் என்றால் சீட்டு நிறுவனத்தின் ரசீது. ரொக்கமாக வீட்டில் வைத்திருந்தேன் என்றால் அங்கேயே நின்றுவிடும். இந்தியாவில் வசிப்பவர் தன் பெயரில் அனுப்ப ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் என்ற ரிசர்வ் வங்கியின் வரம்பும் இருக்கிறது. பதிவு மூலதனத்தை எழுதும்போது அதை மனதில் வையுங்கள்.

எங்க சித்தப்பா முன்னாடி எம்.எல்.ஏ.வா இருந்தார். அதைப் போய்ச் சொல்லணுமா?

சொல்லுங்கள். அரசியல், அரசு, நீதித்துறை, ராணுவம் போன்றவற்றில் முக்கியப் பொறுப்பு வகிப்பவரும் வகித்தவரும், அவர்களுடைய குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் தனி வகையாகக் கவனிக்கப்படுகிறார்கள். சித்தப்பா அதற்குள் வருவாரா இல்லையா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். அந்த வகையில் வந்தாலும் கம்பெனி மறுக்கப்படும் என்று அர்த்தமில்லை. எங்கள் மேலாளர் ஒப்புதல் தர வேண்டும், முன்னே சொன்ன இரண்டாவது பணக் கேள்வி கட்டாயமாகிவிடும். நீங்கள் சொல்லாமல் பழைய செய்தித்தாளிலிருந்து நாங்கள் கண்டுபிடித்தால்தான் சங்கடம்.

என் பேர் ஏதோ தடைப்பட்டியல்ல வருதுன்னு சொன்னீங்க. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு.

பெயர் ஒத்துப்போனது, அவ்வளவுதான். ஐநா பாதுகாப்பு மன்றத்தின் தடைப்பட்டியல் உள்ளிட்ட பட்டியல்களோடு ஒவ்வொரு பெயரையும் மென்பொருள் ஒப்பிடும். நம் பக்கத்தில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா பெயர் கேட்டு, அவர் நீங்கள் இல்லை என்று எழுதி வைத்துவிட்டு மேலே போவோம். இந்த ஒரு இடத்தில்தான் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது நமக்கு லாபம்.

பில்லுல தேதி மட்டும் பழசு. கம்ப்யூட்டர்ல மாத்தி அனுப்பினா தெரியவா போகுது?

தெரியும். எழுத்துரு மாறியிருக்கும், கோப்பின் உள்விவரத்தில் திருத்திய நாள் நிற்கும், கட்டணக் கெடு புதிய தேதிக்குப் பொருந்தாது. பழைய பில்லோடு வந்திருந்தால் புதியது கேட்டு ஒரு வாரம் போயிருக்கும். திருத்தியது தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. அக்ராவுக்குப் போகும் ஆவணத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 50,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஒரு ஆபீஸ்ல 'உங்க வேலையை எடுத்துக்க முடியாது'ன்னு சொல்லிட்டாங்க. காரணம் கேட்டா வாயே திறக்கல. இது என்ன நியாயம்?

பல நேரம் காரணம் சாதாரணமாக இருக்கும்: அந்தத் தொழில் அவர்களுக்குப் புரியவில்லை, அல்லது ஆவணம் முழுமையாகவில்லை. ஆனால் சந்தேகம் எழுந்தால் காவல்துறையின் வர்த்தக விவகாரப் பிரிவில் இதற்கென்றே உள்ள அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டியது கடமை. அப்படிக் கொடுத்திருந்தால் அதை உங்களிடம் சொல்வதே குற்றம். அதனால் மறுக்கும்போது எல்லாரிடமும் ஒரே மாதிரி சுருக்கமாகப் பேசிப் பழகிவிட்டோம். அந்த மௌனத்திலிருந்து எதையும் ஊகிக்காதீர்கள்.

கம்பெனி பதிஞ்சாச்சு. பேங்க் ஏன் மறுபடி முதல்லேருந்து கேக்குது? உங்க ஃபைலைக் குடுத்தா போதாதா?

போதாது. வங்கிகளுக்கு இங்குள்ள மத்திய வங்கியான நாணய ஆணையத்தின் தனி விதிகள் இருக்கின்றன, அவர்கள் சரிபார்ப்பு அவர்கள் பொறுப்பு. கம்பெனி பதிவானது என்பதற்காகக் கணக்குத் திறந்தாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. எங்களிடம் ஒன்று சொல்லி அங்கே ஒன்று சொல்வதுதான் பெரும்பாலும் சிக்கலாகிறது. எங்களிடம் 'மென்பொருள் ஆலோசனை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வங்கியில் போய் 'மசாலாப் பொருளும் கொஞ்சம் இறக்குமதி செய்வோம்' என்றால் அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

கம்பெனி இருந்தா எனக்கு அங்க வந்து இருக்க பாஸ் கிடைச்சுடுமா?

கிடைக்காது. அது மனிதவள அமைச்சின் தனி விண்ணப்பம், தனித் தகுதி.

என் வீட்டு முகவரி ஊருக்கே தெரியுமா?

5.50 வெள்ளி கட்டினால் யார் வேண்டுமானாலும் உங்கள் கம்பெனியின் விவரத்தாளை வாங்கலாம். டைரக்டர், பங்குதாரர் பெயர்கள் அதில் இருக்கும். 2024 டிசம்பர் 9 முதல் வீட்டு முகவரிக்குப் பதிலாகத் தொடர்பு முகவரிதான் பொதுவில் தெரிகிறது. அதனால் தொடர்பு முகவரி என்று வேறொன்றைக் கொடுங்கள். வீட்டு முகவரி அக்ராவிடம் இருக்கும், வெளியே காட்டப்படாது.

பாஸ்போர்ட் புதுசு வாங்கிட்டேன், வீடும் மாறிட்டேன். கம்பெனிதான் பதிஞ்சாச்சே, சொல்லணுமா?

உடனே சொல்லுங்கள். டைரக்டரின் விவரம் மாறினால் கம்பெனி 14 நாளுக்குள் அக்ராவிடம் தெரிவிக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் பதிவேட்டுக்கு இன்னும் குறைவு, இரண்டு வேலை நாள். நீங்கள் சொல்லாவிட்டாலும் நாங்கள் அவ்வப்போது திரும்பக் கேட்போம், தொடர்ந்து கவனிப்பதும் விதியில் இருக்கிறது. நம் உறவு முடிந்த பிறகும் கோப்பை ஐந்து ஆண்டு வைத்திருப்போம்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

பெயர் பெரும்பாலும் அன்றைக்கே கிடைத்துவிடும், 120 நாள் உங்களுக்காக இருக்கும். பள்ளி, நிதி போன்ற சொற்கள் பெயரில் இருந்தால் வேறு அமைப்புக்கு அனுப்புவார்கள், வாரக்கணக்கில் ஆகலாம். பதிவு அநேகமாக ஒரே நாள். சரிபார்ப்புதான் நேரம் எடுக்கும். ஆவணம் சுத்தமாக இருந்தால் நாலைந்து வேலை நாள். பெயர்க் குழப்பம் இருந்தால் நோட்டரியைத் தேடிப் பிடிக்க நீங்கள் எடுக்கும் நாளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாசம் சிங்கப்பூர் வர்றேன். நேர்ல வந்து நின்னா இந்த வீடியோ, நோட்டரி எல்லாம் வேண்டாம்ல?

வேண்டாம். அவை இரண்டும் நேரில் வராதவருக்கான மாற்று வழி. மூல ஆவணத்தை நானே பார்த்து நகலில் கையெழுத்திட்டு விடுவேன். பணக் கேள்வி, தொழில் பற்றிய பத்தி, பட்டியல் ஒப்பீடு இவை மட்டும் மாறாது.

வரும்போது மூலப் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து வாருங்கள். பாதிப் பேர் அதை ஹோட்டல் லாக்கரில் பத்திரமாக வைத்துவிட்டு, ஃபோட்டோகாப்பியும் முஸ்தஃபா கடைப் பையுமாகப் படியேறி வருகிறார்கள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.